யார் காலுக்கு வாசித்த மேளம்

சேன்-தெனி, 4 அக்டோபர் 1987

அன்புள்ள அண்ணா,

கடல் தாண்டிப் பத்திரமாக வந்து சேர்ந்துவிட்டேன். மூக்கு ஒழுகுகிறது, அதைத் தவிர உடம்புக்கு ஒன்றுமில்லை. நீ எப்படி இருக்கிறாய்? நான் இல்லாத வீட்டில் அடுப்பு எரிகிறதா, இல்லை கடை ரொட்டியிலேயே காலத்தை ஓட்டுகிறாயா?

இந்த இடம் எப்படி என்று கேட்டிருந்தாய். ஒரு பழைய தோல் கிடங்கு. கீழே ஆடும் கூடம், மேலே மூன்று அறைகள். டக்காரிலிருந்து வந்த பெண் ஒன்றில், மார்த்தினிக்காரன் ஒன்றில், நான் ஒன்றில். நடத்துகிறவர் மதாம் செலஸ்டின், காங்கோக்காரர். இந்த ஊர் மேடைகளில் அடுத்தவர் சொன்னதையே ஆடி அலுத்துப்போனவர். நம்மைப் போன்றவர்கள் சொந்தமாக ஆட்டம் அமைக்க ஓர் இடம் வேண்டும் என்று ஊரெல்லாம் அலைந்து இதைத் தொடங்கியிருக்கிறார். மே மாதக் கடைசியில் ஒவ்வொருவரும் தாமே அமைத்த ஓர் ஆட்டத்தை மேடையில் காட்ட வேண்டும். பிடித்திருந்தால் இன்னொரு வருடம், வெளியூர் மேடைகளும் கிடைக்கும். இல்லாவிட்டால் பெட்டியைக் கட்ட வேண்டியதுதான்.

முதல் நாளே எங்களிடம் சொல்லிவிட்டார்: "நான் இங்க வாத்தியார் இல்ல. சாவி உங்க கையில. வந்து உக்காந்து பாப்பேன், பிடிக்கலன்னா எழுந்து போயிடுவேன்."

கூடம் பெரிது. ஆடிவிட்டுத் திரும்பினால் சுவர்தான் இருக்கிறது. நம் தீவில் சனிக்கிழமை மேளத்தைச் சுற்றி நின்று ஆடும் வட்டத்தில் கால் தடுக்கினால்கூடச் சிரிக்க நாற்பது பேர் இருப்பார்கள். இங்கே தடுக்கினால் நானே எழுந்து நானே தூசியைத் தட்டிக்கொள்கிறேன்.

நவம்பர் முதல் தேதி அம்மா கல்லறைக்குப் போவாய் அல்லவா? என் பங்குக்கும் ஒரு மெழுகுவர்த்தி ஏற்று.

முத்தங்களுடன்,
லுசெத்


லெ மூல், 21 அக்டோபர் 1987

தங்கச்சி லுசெத்துக்கு,

மூக்கு ஒழுகினால் துடைத்துக்கொள், அதற்கெல்லாம் தபால் தலை ஒட்டாதே. நான் கல்லு மாதிரி இருக்கிறேன். அடுப்பு எரிகிறது. நேற்று வாளை மீன் வறுத்தேன், பாதி கருகியது, மீதியைச் சாப்பிட்டேன்.

போன சனிக்கிழமை வட்டத்தில் எனக்குப் பதிலாக ரெமி முத்துசாமி தலைமேளத்தில் உட்கார்ந்துவிட்டான். தகரக் கூரையில் தேங்காய் விழுந்த மாதிரி ஒரு வாசிப்பு. ஆடுகிற பெண்ணே காதைப் பொத்திக்கொண்டு போய்விட்டாள். "ரெமி, மேளம் உனக்கு என்னடா கெடுதல் பண்ணிச்சு?" என்று கேட்டேன். அன்றிலிருந்து என்னிடம் பேச்சு இல்லை.

சிரிக்க ஆள் இல்லை என்று எழுதியிருக்கிறாய். சிரிக்கிறவள் நீ ஆயிற்றே, உனக்கு எதற்கு ஆள்? அம்மா துக்கம் முடிந்த முதல் வட்டத்தில் நான் ஆசைப்பட்டு, வலது குதிகாலைத் தட்டித் தட்டி இரண்டடி வைத்தேன். "மரத்துக்குக் கால் மொளச்சா இப்படித்தான் ஆடும், போய் மேளத்துக்குப் பின்னாடி ஒளிஞ்சுக்கோ அண்ணா" என்று ஊர் கேட்கக் கத்தினாய். அன்றைக்கு வைத்த காலை எடுத்தவன்தான், இன்றுவரை ஆடவில்லை.

ஒன்று மட்டும் சொல்கிறேன். மூன்று வருடத்துக்கு முன் அம்மா படுத்ததும் மார்சேயில் ஆடக் கிடைத்த இடத்தைப் போட்டுவிட்டு ஓடி வந்தாய். இந்தத் தடவை எதற்காகவும் பாதியில் திரும்பாதே. மெழுகுவர்த்தி இரண்டாக ஏற்றுகிறேன்.

உன் அண்ணன்
சில்வேர்


சேன்-தெனி, 15 நவம்பர் 1987

அன்புள்ள அண்ணா,

உன் கடிதத்தைப் படித்துச் சிரித்ததில் டக்கார்க்காரி கதவைத் தட்டினாள். உடம்பு நன்றாக இருக்கிறது. குளிர்தான் எலும்புக்குள் போகிறது.

இப்போது காரியத்துக்கு வருகிறேன். நம் ஊர்த் தண்ணீர்த் தொட்டியடிச் சிமெண்டுத் தளத்தில் நாம் ஒத்திகை பார்த்த ஆட்டத்தை இசைத்தட்டு போட்டு ஆடிக் காட்டினேன். மதாம் பாதியில் எழுந்துவிட்டார். "மேளம் ஒரு வழியா போவுது, நீ ஒரு வழியா போற. உங்களுக்குள்ள என்ன சண்டை?" என்று கேட்டார். எனக்கு அழுகை வந்துவிட்டது. பிறகு உட்கார வைத்துச் சொன்னேன். எங்கள் ஊரில் இரண்டு மேளம் தாளத்தைப் பிடித்துக்கொண்டு இருக்கும். மூன்றாவதான தலைமேளம் ஆடுகிறவரின் காலை மட்டுமே பார்க்கும். கால் என்ன சொல்கிறதோ அதைத்தான் மேளம் திருப்பிச் சொல்லும். கால் ஏமாற்றும், தடுமாறும், மேளம் விடாமல் பிடிக்கும். இசைத்தட்டுக்குக் கண் கிடையாது, அது யார் காலையும் பார்க்காது.

"அப்ப கண்ணு இருக்கிற ஆளைக் கூட்டிட்டு வா" என்றார். அமைக்கிறவர் ஒவ்வொருவருக்கும் ஒரு வாத்தியக்காரரை இந்த வீடே விமானத்தில் வரவழைக்கிறது. நான் யோசிக்கவே இல்லை, உன் பெயரைக் கொடுத்துவிட்டேன். மே மாதம் மூன்று வாரம். இங்கே கூடத்திலேயே உனக்குக் கட்டில் போடலாம். நீ வந்தால்தான் இது ஆட்டம், இல்லையென்றால் வெறும் கைகால் அசைப்பு. உடனே ஆகட்டும் என்று எழுது.

லுசெத்


சேன்-தெனி, 20 டிசம்பர் 1987

அண்ணா,

ஐந்து வாரமாகிறது. தினமும் தபால்பெட்டியைத் திறந்து மூடுகிறேன். நம் தெருக் கடைக்காரம்மாவின் தொலைபேசிக்கு அழைத்தேன். "வெளிய போயிருக்கான்மா, சொல்றேன்" என்று அவசரமாக வைத்துவிட்டார்கள். மதாம் உன் முழுப்பெயர் எழுத்துக்கூட்டி வேண்டும் என்கிறார், பயணச்சீட்டுக்கு.

கிறிஸ்துமஸுக்கு மற்ற இருவரும் உறவுக்காரர் வீடுகளுக்குப் போகிறார்கள். நான் இருப்பேன். சாவி என்னிடம் இருக்கிறது. நீ அங்கே தெருத்தெருவாகப் பாட்டுக்குப் போவாய், எனக்காகவும் ஒரு வாய் ரம் குடி.

நன்றாக இருக்கிறாய்தானே?

லுசெத்


லெ மூல், 11 ஜனவரி 1988

தங்கச்சிக்கு,

உயிரோடுதான் இருக்கிறேன், பயப்படாதே. பழியைத் தபால்காரன் மேல் போடலாம் என்று பார்த்தேன், அவன் நல்லவன். தாமதம் என்னுடையது.

கரும்பு வெட்டு தொடங்கப்போகிறது, ஜூன்வரை ஓடும். ஆலையில் இயந்திரங்களைப் பிரித்துப் போட்டிருக்கிறார்கள். இந்த நேரத்தில் விடுப்பு என்று வாயைத் திறக்க முடியாது. ஆகவே மே மாதம் என்னால் வர இயலாது. அங்கே நம் ஊர் மேளக்காரர்கள் எத்தனையோ பேர் இருப்பார்கள். நல்ல ஆளாகப் பார்த்து வைத்துக்கொள். என் பெயரை எடுத்துவிடச் சொல்.

அம்மாவுக்கு மெழுகுவர்த்தி இரண்டும் ஏற்றியாயிற்று. ரெமிதான் ஏற்றினான். கிறிஸ்துமஸுக்கு அவன் அம்மா துவரையும் சோறும் கொடுத்தனுப்பினார்கள். இங்கே ஒரே மழை, மேளத்துத் தோலெல்லாம் தொய்ந்து கிடக்கிறது. வாசிக்க மனம் வரவில்லை.

கழுத்தைச் சுற்றித் துணி கட்டிக்கொண்டு வெளியே போ.

சில்வேர்


சேன்-தெனி, 2 பிப்ரவரி 1988

அண்ணா,

உடம்பு பரவாயில்லை. மனசுதான் சரியில்லை, அதை மறைத்து எழுத எனக்கு வராது. ஆலை உன்னை விடவில்லை என்றால் நான் என்ன செய்ய முடியும்? ஆனால் அம்மாவின் மெழுகுவர்த்தியை ரெமி எதற்கு ஏற்றினான்? எப்போதிருந்து இவ்வளவு நட்பு? பேச்சே இல்லை என்று எழுதினாயே.

நீ சொன்னபடி ஒரு ஆளைப் பிடித்தேன். நம் தீவின் பாஸ்-தேர்க்காரன், பகலில் தபால் நிலையத்தில் வேலை. நல்ல கை. ஆனால் என் காலைப் பார்ப்பதற்குப் பதிலாக முகத்தைப் பார்த்து வாசிக்கிறான். மூன்றாம் நாள் எனக்குக் கல்யாணம் ஆகிவிட்டதா என்று கேட்டான். மேளத்தைத் தூக்கிக்கொண்டு போகச் சொல்லிவிட்டேன்.

இனி ஒரே வழி. நீ வாசித்து ஒலிநாடாவில் பதிந்து அனுப்பு. கண் இல்லாத மேளம்தான், ஆனாலும் உன் கை. உனக்கு என் கால் மனப்பாடம். ஆட்டத்தை வரிசையாக எழுதுகிறேன், கண்ணை மூடி என்னை நினைத்துக்கொண்டு வாசி.

முதலில் மேளத்தின் முன்னால் வந்து வணக்கம். வலது கால் ஊன்றும், இடது கால் உள்பக்கம் வெட்டும். உடம்பு சாயும், எல்லோரும் விழுந்தாள் என்று நினைப்பார்கள், முழங்கால் பிடித்துக்கொள்ளும். விழப்போய் விழாமல் நிற்பதுதானே நம் ஆட்டம். பிறகு இதையே மறுபக்கம். மூன்றாவது சுற்றில் தளத்தின் கொய்யா மர மூலைவரை பின்னாலேயே போய், அங்கிருந்து ஒரே மூச்சில் மேளத்துக்குத் திரும்பி வருவேன். கடைசியில் அசையாமல் நிற்பேன். மேளமும் நிற்க வேண்டும்.

மார்ச் முடிவதற்குள் வேண்டும் அண்ணா. இது இல்லாவிட்டால் மே மாதம் காட்ட என்னிடம் ஒன்றும் இல்லை.

லுசெத்


லெ மூல், 14 மார்ச் 1988

தங்கச்சிக்கு,

சுகம். நீ கேட்டது இத்துடன் வருகிறது. தாளமேளம் இரண்டுக்கும் ஆட்கள் கிடைத்தார்கள். தலைமேளம் நான்தான். தொட்டித் தளத்திலேயே வைத்துப் பதிந்தோம். நடுவில் கோழி கூவும், அதைக் கண்டுகொள்ளாதே.

நன்றாக ஆடு.

சில்வேர்


சேன்-தெனி, 27 மார்ச் 1988

அண்ணா,

நலம் விசாரிக்கிற நிலையில் நான் இல்லை.

முதல் வாசிப்பு காதில் விழுந்ததுமே தெரிந்துவிட்டது. ரெமி! கூரையில் விழும் அதே தேங்காய். உன் கையை எனக்குத் தெரியாது என்று நினைத்தாயா? நான் நடக்கப் பழகியதே நீ சோற்றுப் பானையில் தட்டிய தட்டுக்குத்தான். ஒரு மணி நேரம் மேளத்தின் முன் உட்கார உனக்கு முடியவில்லை. நீயே கேலி செய்கிற ஒருவனை உட்கார வைத்துவிட்டு, நான்தான் வாசித்தேன் என்று எழுதவும் செய்கிறாய்.

அதிலும் என்ன வாசிப்பு! ஓடிக்கொண்டிருக்கும்போதே தயங்குகிறது. நான் கால் வைத்து முடித்த பிறகு வந்து நிற்கிறது.

அம்மாவுக்குப் பிறகு எனக்கென்று இருப்பது நீ ஒருவன். இந்தக் கூடத்தில் ஆறு மாதமாகச் சுவரைப் பார்த்து ஆடுகிறேன், உன்னிடம் கேட்டது ஒன்றே ஒன்று. இருக்கட்டும். பிடிக்கவில்லை என்றால் பிடிக்கவில்லை என்று நேராகச் சொல்லியிருக்கலாம்.

லுசெத்


சேன்-தெனி, 24 ஏப்ரல் 1988

அன்புள்ள அண்ணா,

நீ பதில் போடவில்லை. போடாதது நியாயம்தான்.

ஒலிநாடாவைக் கட்டிலுக்கு அடியில் எறிந்திருந்தேன். வேறு வழி இல்லாததால் போன வாரம் எடுத்துப் போட்டு ஆடினேன். கோபத்தோடுதான் ஆடினேன். எவ்வளவு முயன்றும் இடது கால் வைக்கும்போதெல்லாம் நான் முந்திக்கொள்கிறேன், மேளம் பின்னால் வருகிறது. வலது காலுக்குச் சரியாக விழுகிறது. இடதுக்கு மட்டும் காத்திருக்கிறது. ரெமிக்குக் கை கனம், ஆனால் தாளம் தப்பாது, அதை நீயே சொல்லியிருக்கிறாய். பிறகுதான் எனக்கு உறைத்தது. அவன் தப்பு செய்யவில்லை. யாரோ ஒருவரின் காலைப் பார்த்து வாசித்திருக்கிறான். அந்த ஆளின் இடது கால் தாமதமாக வருகிறது.

சத்தத்தைக் கூட்டி வைத்து, ஆடாமல் தரையில் உட்கார்ந்து கேட்டேன். மேளத்துக்கு அடியில் சிமெண்டில் ஏதோ இழுபடுகிற சத்தம். முதலில் நாற்காலி என்று நினைத்திருந்தேன். மூன்றாவது சுற்றில் அது தூரமாகக் கொய்யா மர மூலைக்குப் போகிறது, அங்கே வெகுநேரம் நிற்கிறது, பிறகு திரும்பி வருகிறது. நான் எழுதிய வரிசையை அப்படியே ஒருவர் ஆடியிருக்கிறார். அந்தக் கடிதம் உனக்கு மட்டும் எழுதியது.

திரும்புவதற்கு முன் ஒவ்வொரு முறையும் வலது குதிகாலை ஒருமுறை தட்டுகிறார். தேவையே இல்லாத தட்டு. நான் ஊர் கேட்கக் கேலி செய்த தட்டு.

அண்ணா, உன் இடது காலுக்கு என்ன ஆயிற்று?

லுசெத்


லெ மூல், 10 மே 1988

என் தங்கச்சிக்கு,

நீ கண்டுபிடிப்பாய் என்று ரெமி சொன்னான். நீ வாசிச்சதா எழுதாதே, அவளுக்குக் காது இருக்கு என்றான். நான்தான் கேட்கவில்லை.

உனக்கு முதல் கடிதம் போட்ட அடுத்த வாரம், காலையில் பல் விளக்கும்போது குவளை கையிலிருந்து நழுவியது. எடுக்கக் குனிந்தேன், இடது பக்கமே என்னோடு வரவில்லை. என்னோடு சண்டை போட வந்த ரெமிதான் என்னைத் தரையில் பார்த்திருக்கிறான். ஆறு வாரம் ஆஸ்பத்திரி. மூளையில் ரத்தம் அடைத்துக்கொண்டதாம். இப்போது நடக்கிறேன், காலை இழுத்துக்கொண்டு. கை வரவில்லை. விரல்கள் மேளத்தின் மேல் ஈரத்துணி மாதிரி கிடக்கின்றன. ஆலையில் என் இடத்துக்கு வேறு ஆள் வந்துவிட்டான். எழுதுவது வலது கை என்பதால் உன்னிடம் மறைக்க முடிந்தது.

சொன்னால் நீ வந்துவிடுவாய். அம்மாவுக்காக வந்தாய், அதை நான் தடுக்கவில்லை. அந்தப் பாரம் இன்னும் என் நெஞ்சில் இருக்கிறது. இன்னொரு தடவை உன் வாழ்க்கையை நம் வீட்டு வாசலில் கொண்டுவந்து கொட்ட நான் விடமாட்டேன்.

நீ ஒலிநாடா கேட்டதும் ரெமியிடம் போனேன். அவனிடம் போய்க் கேட்பது எனக்கு எப்படி இருந்திருக்கும் என்று நீயே நினைத்துப் பார். லுசெத் காலை மனசில் நினைத்துக்கொண்டு வாசி என்றேன். "நெனப்புக்கெல்லாம் நான் வாசிக்க மாட்டேன் சில்வேர். எனக்குக் கால் வேணும். யார் காலாவது கொண்டா" என்றான். அவன் சொன்னது சரி. நானாக இருந்தாலும் அதையேதான் சொல்லியிருப்பேன். உன் வரிசை தெரிந்த கால் இந்த ஊரில் இது ஒன்றுதான்.

கடிதத்தைப் பார்த்துப் பார்த்துப் பழகினேன். விழுந்த இடங்களை அழித்துவிட்டு மறுபடி பதிந்தோம். விழப்போய் விழாமல் நிற்பது என்று நீ எழுதியதை நான் மட்டும் சிரமப்படாமல் ஆடினேன்.

வராதே. மே முடியும்வரை அங்கேயே இரு. அதற்கு முன்னால் வந்தால் கதவைத் திறக்கமாட்டேன்.

சில்வேர்


சேன்-தெனி, 5 ஜூன் 1988

அன்புள்ள அண்ணா,

உன் கடிதம் வந்த அன்றே பெட்டியைக் கட்டிவிட்டேன். மதாம் வாசலில் நின்றுகொண்டு உனக்காக வாங்கி, திருப்பிக் கொடுக்காமல் வைத்திருந்த பயணச்சீட்டை நீட்டினார். "பேரையும் திசையையும் மாத்திக்கலாம். இன்னைக்கே போறதுன்னா போ. ஆனா நீ ஆடாம போனா, அந்த மனுஷன் எதுக்காகத் தரையில காலை இழுத்தாரு?" என்றார். பெட்டியை அவிழ்த்தேன்.

என் ஆட்டத்தை அப்படியே விட்டுவிட்டேன். புதிதாக அமைத்தேன். மேடையில் இடது பாதியைக் காலியாக வைத்தேன், அது உனக்கு. வலது பாதியில் நான். என் இடது காலையும் உன் காலோடு சேர்த்துத் தாமதமாக வைத்தேன். மேளம் காத்திருந்தபோது நானும் காத்திருந்தேன். நீ கொய்யா மர மூலையில் நின்ற அந்த நேரம் முழுக்க நான் அசையவே இல்லை. நீ திரும்பி வந்ததும் சேர்ந்து வந்தேன். கோழி கூவிய இடத்தில் மட்டும் சிலர் சிரித்தார்கள்.

ஆட்டம் அமைத்தவர்கள் என்று நம் இருவர் பெயரையும் போடச் சொன்னேன். புதிதாக அமைக்க வருகிறவர்களுக்குத்தான் இந்த வீடு, உங்கள் அண்ணனுக்கு என்ன வயது என்று கேட்டார்கள். நாற்பத்தொன்று, ஆனால் இதுதான் அவருக்கு முதல் ஆட்டம் என்றேன். மதாம் இரண்டு பெயரையும் எழுதிக்கொண்டார்.

எனக்கு இன்னொரு வருடம் கொடுத்துவிட்டார்கள். எல்லோரும் கட்டிப்பிடித்தார்கள். பிறகு மேலே அறைக்கு வந்து உட்கார்ந்தேன். சொல்ல வேண்டிய ஆள் ஒருவன்தான், அவன் கடலுக்கு அந்தப் பக்கம் இருந்தான். காலணியைக் கழற்றாமலே அப்படியே இருந்தேன்.

சீட்டில் என் பெயர் ஏறிவிட்டது. ஆகஸ்டு முதல் வாரம் வருகிறேன். அதன் பிறகு செப்டம்பரில் திரும்ப வேண்டும். கதவைத் திறப்பாயா?

லுசெத்


லெ மூல், 26 ஜூன் 1988

தங்கச்சிக்கு,

கதவு திறந்தே இருக்கும். அதை மூட எனக்கு இப்போது இரண்டு கை வேண்டும்.

உடம்பு முன்னைவிடத் தேவலை. உன் கடிதத்தை ரெமிக்குப் படித்துக் காட்டினேன். பெயர் போட்டார்களா, என் பெயர் எங்கே என்று கேட்டுச் சண்டைக்கு வந்தான்.

போன சனிக்கிழமை அவன் என்னை வட்டத்துக்கு இழுத்துக்கொண்டு போனான். போனதும் நாற்காலி கொண்டுவந்து போட்டார்கள். எனக்கு முன்னால் நின்றவர்கள் விலகி வழிவிட்டார்கள். கொஞ்ச நேரம் உட்கார்ந்து பார்த்தேன், பிறகு எழுந்து உள்ளே போய் மேளத்துக்கு வணங்கினேன். ரெமி தலைமேளத்தில் இருந்தான். என் இடது காலுக்கு அவன் ஒரு தடவைகூட அவசரப்படவில்லை. மூன்று சுற்றும் ஆடினேன். ஓரிடத்தில் முழங்கால் தரையைத் தொட்டுவிட்டது.

முடித்ததும் எல்லோரும் கைதட்டினார்கள். கடைக்காரம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். யாரோ என் தோளைத் தடவிக் கொடுத்து மறுபடி நாற்காலியில் உட்கார வைத்தார்கள். மரத்துக்குக் கால் முளைத்த ஆட்டம்தான் அது, பழையதைவிட மோசம், எனக்கே தெரியும். நாற்பது பேர் இருந்தார்கள் லுசெத். ஒருவரும் சிரிக்கவில்லை. அப்படி ஒரு தனிமையை நான் ஆஸ்பத்திரியில்கூடப் பார்க்கவில்லை.

ஆகஸ்டில் நீ வந்ததும் முதல் சனிக்கிழமை என்னோடு வா. முன்வரிசையில் நில். நான் மறுபடி ஆடுவேன். பார்த்துப் பரிதாபப்பட்டு அழுதுவிடாதே. இரண்டடி வைத்ததும் ஊர் கேட்கச் சிரி.

உன் அண்ணன்
சில்வேர்